கடலோரக் கதையும் நம் கடமையும்

கடலோரச் சிற்றூர்களுக்கு ஒரு தனிக் கவர்ச்சி உண்டு. செவிவழிக் கதைகளும், ஜின்களைப் பற்றிய அச்சமும், ஓதி ஊதிய தண்ணீரின் மீதுள்ள நம்பிக்கையும் அங்கே உப்புக்காற்றோடு கலந்து வீசும். அக்காற்றைத் தமிழ் நாவலுக்குள் கொணர்ந்தவர் தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்த தோப்பில் முஹம்மது மீரான் (1944–2019). ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ 1988-ல் நூலாக வந்தது.

மலையாள வழியில் கற்றவர் அவர். தமிழும் மலையாளமும் அறபுச் சொற்களும் பிணைந்த அவ்வூர்ப் பேச்சை அவர் திருத்தவில்லை. கன்னியாகுமரி மாவட்டம் 1956-ல் தமிழகத்தோடு இணையுமுன் திருவிதாங்கூரின் பகுதியாயிருந்ததை நினைவிற் கொண்டால், அம்மொழியின் நியாயம் விளங்கும்.

நூல் வந்தபோது, வீட்டுக் குப்பையை வீதியில் கொட்டிவிட்டார் என நம்மவருட் சிலர் மனம் நொந்தனர். நாம் அவ்வாறு கருதவில்லை. ஊராரின் எளிய நம்பிக்கைகளை ஆசிரியர் பரிவோடுதான் சொல்கிறார். அவற்றை முதலாக்கி வயிறு வளர்க்கும் போலித் தங்ஙளிடமே அவருடைய எள்ளல் பாய்கிறது. ஊரை ஆட்டிப்படைக்கும் அஹமதுகண்ணு முதலாளி, ஆங்கிலப் பள்ளிக்கூடம் வந்தால் தம் பிடி தளரும் என அஞ்சுகிறார். ‘ஓதுவீராக’ என்ற கட்டளையோடு இறங்கத் தொடங்கிய வேதத்தை உடைய சமுதாயத்தில் கல்விக்கே தடை! இம்முரணை விளக்கவுரை ஏதுமின்றி உணர்த்துவதே நாவலின் வெற்றி.

கிதாபு ஓதிக்கொடுக்கும் நம்மைத் தைத்தது வேறொன்று. முதலாளிக்கு அஞ்சாது நிமிர்ந்து நிற்பவர் சுறாப்பீலி வியாபாரி மஹ்மூது. ஓதியறிந்தோர் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை ஓர் எளிய வியாபாரி கேட்கிறார். இதை நாவலின் குறையென்று முதலில் எண்ணினோம். மறுமுறை படித்தபோது, குறை நம்மிடத்தே என்று தெளிந்தோம். ஆலிம்கள் வாய் மூடியிருந்த இடத்திலேதான் தாயத்து வாணிபம் தழைத்தது.

ஆசிரியருக்கு 1997-ல் சாகித்திய அக்காதெமி விருதைப் பெற்றுத் தந்தது ‘சாய்வு நாற்காலி’. எனினும், நம் இல்லங்களில் முதலில் படிக்கப்பட வேண்டியது இந்நூலே. பாட்டிமார் சொன்ன ஜின் கதைகளைப் பிள்ளைகள் கேட்டு மகிழட்டும். அக்கதைகளைக் காட்டிக் காசு பறிப்போரை இனங்காணவும் அவர்கள் கற்கட்டும். இரண்டையும் ஒருங்கே கற்பிக்கும் நூல் இது.