பட்டறையில் பிறந்த இசை

ஓசூரிலிருந்து பெங்களூர் ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். அங்கிருந்து நம் இளையோர் சுமந்துவரும் கலைகளுள் ‘ஹெவி மெட்டல்’ எனும் இசையே பெற்றோரைப் பெரிதும் கலங்கச் செய்கிறது. மண்டையோடு வரைந்த சட்டை, விரித்த தலைமயிர், செவியைப் பிளக்கும் கிதார். ‘சாத்தானின் இசை’ என்ற தீர்ப்பு உடனே வந்துவிடுகிறது. விசாரணை வேண்டாமா?

இவ்விசை பிறந்தது இங்கிலாந்தின் தொழில்நகரான பர்மிங்காமில். அங்கே 1965-இல், தகட்டுப் பட்டறையில் தம் கடைசி வேலைநாளன்று, டோனி அயோமி என்ற பதினேழு வயது இளைஞரின் வலக்கை விரல்கள் இரண்டின் நுனியை இயந்திரம் துண்டித்தது. பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுறை செய்துகொண்டார். மெல்லிய தந்திகளைத் தேடினார். பின்னர் சுருதியையும் தாழ்த்தினார். ‘பிளாக் சபாத்’ குழுவின் கனத்த நாதத்தில் அந்தக் காயத்திற்குப் பங்குண்டு. சிப்காட்டில் பிரஸ் இயக்கும் நம் பங்கு மக்களுக்கு இதை விளக்கவும் வேண்டுமோ? அக்குழுவின் பாடல்களைப் பெரிதும் எழுதிய கீசர் பட்லர் ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பத்தவர். அயோமியோ 2017-இல் பர்மிங்காம் ஆங்கிலிக்கப் பேராலயத்திற்காகத் திருப்பாடல் 133-ஐ அடியொற்றிப் பாடகர் குழு இசை அமைத்தார். ஆயினும் 1990களின் தொடக்கத்தில் நார்வேயில் இவ்விசையின் ஒரு கிளையினர் ஆலயங்களுக்குத் தீவைத்ததை மறைப்பதற்கில்லை.

இந்தியாவில் இது வளர்ந்தது பட்டறையில் அன்று, கல்லூரி வளாகங்களில். இங்குதான் எனக்கு மனக்குறை. பெங்களூரில் 1980களின் இறுதியில் ‘மில்லேனியம்’, 1998-இல் ‘கிரிப்டோஸ்’ எனக் குழுக்கள் எழுந்தன. அந்நகரின் அரண்மனை மைதானத்தில் 2007-இல் ‘அயர்ன் மெய்டன்’, 2011-இல் ‘மெட்டாலிகா’ இசைத்தபோது நாடெங்குமிருந்து இளைஞர் திரண்டனர். கிரிப்டோஸ் 2013-இல் ஜெர்மனியின் வாக்கன் விழா மேடையேறியது. கைத்திறனில் குறையில்லை; ஆனால் மொழி ஆங்கிலம், கற்பனை ஐரோப்பியம், சினமும் இரவல். டெல்லியின் ‘பிளடிவுட்’ 2022-இல் வெளியிட்ட ‘ரக்ஷக்’ தொகுப்பில் தோல் முழங்குகிறது. இந்தியும் பஞ்சாபியும் ஒலிக்கின்றன. நுணுக்கத்தில் கிரிப்டோஸே மேல் என்பேன். எனினும் பிளடிவுட்டின் வலி சொந்த வலி.

நம் எல்லையிலோ தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்குகின்றன. பறை உண்டு, தவில் உண்டு. இரவு ஷிப்டு முடிந்து திரும்பும் ஒப்பந்தத் தொழிலாளியின் காதில் விடியும்வரை இயந்திரத்தின் தாளம் ஓய்வதில்லை. அந்தக் காதிலிருந்து பிறந்த ஓர் உலோக இசையை நான் இன்னும் கேட்கவில்லை.