முனையில் ஒரு உலோகத் துண்டு

படப்பையிலிருந்து எட்டிப் போய் வரக்கூடிய தூரத்தில்தான் ஒத்திவாக்கம் கமாண்டோ துப்பாக்கி சுடுதளம். 2023 ஜூனில் அகில இந்தியப் பெண் காவலர்களுக்கான துப்பாக்கி சுடும் போட்டி அங்கே நடந்தது. ஆனால் சுடும் கலையில் என் ரசனை, குறியைவிடக் குழல் முனையில் இருக்கும் காம்பன்சேட்டர் மீதுதான்.

10 மீட்டர் ஏர் பிஸ்டலைப் பாருங்கள். குண்டு 4.5 மில்லிமீட்டர், இலக்கின் நடுவிலுள்ள பத்துப் புள்ளி வட்டம் வெறும் 11.5 மில்லிமீட்டர். குண்டுக்குப் பின்னால் சீறி வரும் காற்றை, முனையிலுள்ள காம்பன்சேட்டரின் துளைகள் மேல்பக்கமாகத் திருப்பிவிடுகின்றன. அந்தக் காற்று முனையைக் கீழே அழுத்துகிறது. குண்டின் பின்புறத்தைக் குலைப்பதும் இல்லை. குக்கர் விசில் போல, அழுத்தத்துக்கு ஒழுங்கான வழி.

விளையாட்டுக்கான ஏர்சாஃப்ட் கேஸ் பிஸ்டலில் கதை வேறு. 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் உருண்டையைத் தள்ளிய கேஸ், மேல்மூடியான ஸ்லைடையும் பின்னுக்குத் தள்ள வேண்டும். கையில் உணரும் உதைப்பு பெரும்பாலும் அந்த ஸ்லைடின் அடிதான். முனைக்கு வரும் கேஸ் கொஞ்சம். துளைகளுக்கு வேலையும் கொஞ்சம். அங்கே உதவுவது காம்பன்சேட்டரின் எடை. முன்பக்கம் கனத்தால் முனை துள்ளுவது குறையும். ஆனால் அந்த எடையை ஸ்லைடிலேயே மாட்டினால் அதன் ஓட்டம் மந்தமாகும். குளிர்ந்த கேஸில் பாதியில் நின்றும் போகலாம். நம் சித்திரை வெயிலில் கேஸ் அழுத்தம் ஏறுவதால் அந்தத் தொல்லை குறைவு.

ஒரே வடிவம், ஒன்றில் காற்று வேலை செய்கிறது, மற்றதில் கனம். தெரிந்து மாட்டுகிறவருக்கே அது கருவி, மற்றவர்களுக்கு நகை.