வெள்ளைப் பொட்டு

கணினித் திரையில் தெரியும் முப்பரிமாணப் பந்து, உண்மையில் தட்டையான முக்கோணங்களை ஒட்டிய வெறும் கூடு. பிறகு எப்படி இத்தனை வழவழப்பு? 1971இல் ஹென்றி கூரோ, மூலைகளில் நிறத்தைக் கணக்கிட்டு இடைவெளியை நிரவினார். நல்ல வழிதான், ஆனால் ஒளித்தெறிப்பு முக்கோணத்தின் நடுவில் விழுந்தால் காணாமல் போய்விடும். யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த வியட்நாமியர் புய் துவோங் ஃபோங், 1973இல் நிறத்துக்குப் பதிலாகப் பரப்பு நோக்கும் திசையையே நிரவினார். ஒவ்வொரு பிக்சலுக்கும் தனி ஒளிக்கணக்கு! என்னைச் சொக்க வைப்பது அதில் பிறக்கும் வெள்ளைப் பொட்டு. தெறிக்கும் ஒளிக்கும் நம் பார்வைக்கும் இடைப்பட்ட கோணத்தின் கொசைனுக்கு அடுக்கு 5 கொடுத்தால் அது மங்கலாகப் பரவும். 100 கொடுங்கள்: பொட்டு சுருங்கிக் கூர்மையாகி, பந்து புளி போட்டுத் துலக்கிய பித்தளைச் செம்பாக மின்னும்.