முதல் தொகுப்பும் இரண்டாம் தொகுப்பும்: எழுத்தாளரை விக்கிப்பீடியாவுக்கு அழைத்து வரும் முறை குறித்து

தமிழ் விக்கிப்பீடியாவுக்குப் புதிய எழுத்தாளர்களை அழைத்து வருவதற்கு இதுகாறும் பெரிதும் கையாளப்பட்டு வரும் வழி பயிற்சிப் பட்டறை ஆகும். கல்லூரியிலோ நூலகத்திலோ ஒரு நாள் கூடி, பயனர் கணக்குத் தொடங்கி, தமிழில் தட்டச்சு செய்யப் பழகி, மாலைக்குள் ஒரு கட்டுரையை வெளியிட்டுவிட்டுக் கலையும் இந்த முறை, தொடக்கத் தயக்கத்தைப் போக்குவதில் நல்ல பயன் தந்துள்ளது. ஆயினும் வந்தவரைத் தங்கவைப்பதில் அது வலுவற்றதாகவே இருக்கிறது என்பதால், அதன் நிறைகுறைகளை எடைபோட்டுப் பார்ப்பது தேவையாகிறது.

தமிழுக்குக் கலைக்களஞ்சிய மரபு புதிதன்று. ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி 1910இல் வெளிவந்தது. பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக நிறைவுற்றது. முன்னதில் ஒரு தனி மனிதரின் உழைப்பும் பின்னதில் தேர்ந்தெடுக்கப்பட்ட அறிஞர் குழுவும் ஆக்கத்துக்கு அடிப்படையாக இருந்தன. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவிலோ எழுதுவோரைத் தேர்ந்தெடுக்கும் குழு என ஒன்று இல்லை. விரும்பி வருவோர் அனைவரும் ஆசிரியர்களே. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன் அவ்வாண்டிலேயே தாமாக வந்து சேர்ந்து ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதியவர். அவருக்கு எவரும் பட்டறை நடத்தவில்லை. எனினும் அத்தகைய தனிமனித ஈடுபாட்டை மட்டும் நம்பி ஒரு மொழியின் கலைக்களஞ்சியம் வளர இயலாது. 2010ஆம் ஆண்டு உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டை ஒட்டி மாணவர்களுக்கு நடத்தப்பட்ட கட்டுரைப் போட்டியும் 2017இல் தமிழக ஆசிரியர்களுக்கு அளிக்கப்பட்ட பயிற்சியும் இந்தத் தேவையை உணர்ந்து எடுக்கப்பட்ட முயற்சிகள்.

பட்டறையின் முதன்மையான நிறை, எழுதத் தெரிந்தவருக்கும் எழுதும் இடத்துக்கும் நடுவே நிற்கும் சிறு தடைகளை அது நீக்குவதாகும். நாற்பது ஆண்டுகள் தாளில் எழுதிய ஒருவர் பக்கத்தைத் திருத்துவதற்கான 'தொகு' என்னும் பொத்தானை அழுத்தத் தயங்குவது, ஏதேனும் பாழாகிவிடுமோ என்னும் அச்சத்தால்தான். ஒவ்வொரு மாற்றமும் பக்கத்தின் வரலாற்றில் பதிவாகிறது என்பதையும் எந்தப் பிழையையும் முந்தைய நிலைக்கு மீட்டுவிடலாம் என்பதையும் அருகிலிருந்து ஒருவர் செய்து காட்டும்போது அந்த அச்சம் அகன்றுவிடுகிறது. அச்சமின்றி எழுதிப் பழகுவதற்கென்றே ஒதுக்கப்பட்ட 'மணல்தொட்டி'யும், கட்டுரையைப் பற்றிக் கலந்துரையாடுவதற்கான 'பேச்சுப் பக்க'மும், பொது விவகாரங்களைப் பேசும் 'ஆலமரத்தடி'யும் எங்கே இருக்கின்றன என்பதைத் தாமாகத் தேடிக் கண்டடைவதற்குள் பலர் சோர்ந்து விலகிவிடக்கூடும்.

குறை, பட்டறை தனக்கென வகுத்துக்கொள்ளும் இலக்கில் இருக்கிறது. பெரும்பாலும் ஒரு நாளின் வெற்றி புதிய கட்டுரைகளின் எண்ணிக்கையால் அளக்கப்படுகிறது. புதிய கட்டுரை எழுதுவதோ கலைக்களஞ்சியப் பணிகளிலேயே கடினமானது. அதற்குக் குறிப்பிடத்தக்க தலைப்பைத் தேர்தல், நம்பத்தகுந்த சான்றுகளைத் திரட்டுதல், நடுநிலையோடு எழுதுதல் ஆகிய மூன்றும் ஒருங்கே கைவர வேண்டும். இவற்றை அரை நாளில் எதிர்பார்க்கும்போது, புதியவர் வேறொரு தளத்திலிருந்து பத்திகளை அப்படியே படியெடுத்து ஒட்டுவதும், இரண்டு வரிகளோடு நின்றுவிடும் குறுங்கட்டுரையை விட்டுச் செல்வதும் வியப்பில்லை. அடுத்த வாரம் பதிப்புரிமை மீறல் என்றோ போதிய உள்ளடக்கம் இல்லை என்றோ அந்தப் பக்கம் நீக்கப்படுமானால், எழுதியவருக்கு மிஞ்சுவது மனவருத்தமே. அழைத்தவரும் விக்கிப்பீடியர், நீக்கியவரும் விக்கிப்பீடியர் என்னும் முரண் அவருக்கு விளங்குவதில்லை.

தேர்ந்த எழுத்தாளருக்கு இதனினும் நுட்பமான ஒரு தடை உண்டு. அவர் தம் துறையில் குணமெனப் போற்றியவை இங்கே குற்றமாகின்றன. "உலகமே வியக்கும் கல்லணையை மாமன்னன் கரிகாலன் தன் ஒப்பற்ற மதிநுட்பத்தால் எழுப்பினான்" என்று அவர் எழுதுகிறார் எனக் கொள்வோம். மற்றொரு பயனர் அதனை, "கல்லணை காவிரி ஆற்றின் குறுக்கே அமைந்த அணை, இது சோழ மன்னன் கரிகாலனால் கட்டப்பட்டதாகக் கருதப்படுகிறது" என்று மாற்றி, அவ்வாறு கருதுவோர் யார் என்பதற்குச் சான்று கேட்டுக் குறிப்பும் இடுகிறார். முதல் வாக்கியத்தில் இருந்த பெருமிதம் போய்விட்டது என எழுத்தாளர் வருந்தலாம். ஆனால் வந்து சேர்ந்தது எது என்பதையும் பார்க்க வேண்டும். அணை எந்த ஆற்றின்மீது உள்ளது என்னும் செய்தி வந்தது. மரபுவழி நம்பிக்கைக்கும் நிறுவப்பட்ட செய்திக்கும் உள்ள வேறுபாடு வந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் பொறியாளர்கள் அணையில் செய்த மாற்றங்களை அடுத்துச் சேர்ப்பதற்கு இடமும் வந்தது. இந்த ஒரு திருத்தத்தை அவையில் அமர்ந்து விளக்குவது, பத்துக் கொள்கைப் பக்கங்களை வாசிக்கச் சொல்வதைக் காட்டிலும் பயன் தரும். கட்டுரையின் தலைப்பில் எழுதியவர் பெயர் இராது என்பதையும், படைப்பாக்கப் பொதும உரிமத்தின்கீழ் வெளியாவதால் எவரும் அதனைத் திருத்தவும் வேறிடத்தில் பயன்படுத்தவும் கூடும் என்பதையும் முதல் மணியிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னர் தெரிய வந்தால் அது ஏமாற்றமாகவே படும்.

எண்ணிக்கையை முன்னிறுத்தும் முறையின் எல்லையைத் தமிழ் விக்கிப்பீடியா வேறொரு வகையிலும் கண்டறிந்தது. 2009 முதல் கூகுள் நிறுவனம் தன் மொழிபெயர்ப்புக் கருவியின் துணையோடு, கூலிக்கு அமர்த்தப்பட்ட மொழிபெயர்ப்பாளர்களைக் கொண்டு, ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கிச் சேர்த்தது. கட்டுரைகள் நீளமாக வந்தன. ஆனால் நடை இயல்பாக இல்லை. பேச்சுப் பக்கத்தில் எழுப்பப்பட்ட கேள்விகளுக்கு மறுமொழி சொல்ல எழுதியவர்கள் அங்கே இல்லை. துப்புரவுச் சுமை முழுவதும் தன்னார்வலர்மீது விழுந்தது. கட்டுரையைப் பெறுவது ஒன்று, அதனைப் பேணும் ஆளைப் பெறுவது மற்றொன்று என்பதே அந்நிகழ்வு தந்த பாடம்.

சான்று கேட்கும் விதியின்மீதும் ஒரு நேர்மையான குறையைச் சொல்லியாக வேண்டும். அச்சில் ஏறாத அறிவு தமிழில் மிகுதி. ஒரு தெருக்கூத்துக் கலைஞர் தம் ஆசானிடமிருந்து பெற்ற அடவு முறையைப் பற்றி எழுத விரும்பினால், தாமே அறிந்ததை ஆதாரமாகக் காட்ட விதி இடம் தருவதில்லை. விதி தவறானது அன்று. அது இல்லையேல் கட்டுக்கதைக்கும் வரலாற்றுக்கும் வேறுபாடு இராது. எனினும் அத்தகையவரை வெறுங்கையோடு திருப்பி அனுப்பாமல், முதலில் அதனை ஓர் ஆய்விதழிலோ நூலிலோ பதிவுசெய்யவும், தாம் எடுத்த ஒளிப்படங்களை விக்கிமீடியா பொதுவகத்தில் சேர்க்கவும் வழிகாட்டுவது பயிற்றுநரின் கடமை.

ஆகவே பட்டறையைக் கைவிட வேண்டியதில்லை; அதன் வரிசையை மாற்றினால் போதும். புதியவர் தம் ஊரைப் பற்றியோ தாம் நன்கறிந்த நூலைப் பற்றியோ ஏற்கெனவே உள்ள கட்டுரையைத் திறந்து, ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தி, சான்றில்லாத ஒரு வாக்கியத்துக்கு நூற்பெயரும் பக்க எண்ணும் சேர்ப்பதிலிருந்து தொடங்கட்டும். புதிய கட்டுரை பின்னர் வரட்டும். பயிற்றுநரும் பட்டறை முடிந்த சில வாரங்களுக்கு அவரது பேச்சுப் பக்கத்தில் உடனிருக்கட்டும். நீக்க வேண்டியதை நீக்கும்போது காரணத்தை அவருக்கு விளங்கும் தமிழில் எழுதட்டும். முதல் தொகுப்பு பயிற்றுநரின் முன்னிலையில் நிகழ்வது. இரண்டாம் தொகுப்பு, எவரும் கேட்காத ஓர் இரவில், பிழையொன்று கண்ணை உறுத்தியதால் அவர் தாமாகச் செய்வது. அந்த இரண்டாம் தொகுப்பு எத்தனை பேரிடமிருந்து வந்தது என்பதைக் கொண்டே இனி நடக்கும் பட்டறைகள் அளக்கப்பட வேண்டும்.