தடாவுக்கென்று எது இருக்கிறது?

சென்னைப் பையன்கள் ஞாயிற்றுக்கிழமை பைக்கில் கிளம்பிப் போகும் 'தடா அருவி' ஆந்திர எல்லை ஊரான தடாவில் இல்லை. அந்த உப்பலமடுகு அருவி இருப்பது வரதய்யபாளையம் மண்டலத்துக் காட்டில். ஸ்ரீசிட்டி தொழில்நகரத்துக்குத் தடாவில்தான் திரும்ப வேண்டும்; ஆனால் அதன் நிலம் பெரும்பாலும் சத்தியவேடு, வரதய்யபாளையம் மண்டலங்களுடையது. ராக்கெட் ஏவும் ஸ்ரீஹரிகோட்டாவோ சூளூர்பேட்டை மண்டலத்தில் அடங்கும். எல்லோரும் தடாவைக் கடந்து எங்கோ போகிறார்கள்.

தடாவுக்குள்ளேயே இருப்பது என்ன? சென்னை-கல்கத்தா நெடுஞ்சாலையும் ரயில் பாதையும். பீமுனிவாரிபாளையம் சோதனைச்சாவடி. ஆயிரக்கணக்கான பெண்கள் ஷிப்டு முறையில் வேலை செய்யும் மாம்பட்டு காலணித் தொழிற்சாலை. கிழக்கே பழவேற்காடு ஏரி. இந்த மண்டலத்தைக் கடலோரம் என்று எழுதினாலும், கரையில் நின்று பார்த்தால் தெரிவது ஒரு ஆள் இடுப்பளவு உப்புநீர்தான். வங்கக் கடல் ஸ்ரீஹரிகோட்டாவுக்கு அப்பால் இருக்கிறது. அந்த உப்புநீருக்கு நடுவே இரக்கம் தீவு. ஆந்திர வருவாய்க் கணக்கில் தடா மண்டலத்தைச் சேர்ந்தது. பேச்சு தமிழ், தொழில் மீன், போக்குவரத்து படகு.

இந்த ஊரைச் சுற்றி எல்லைகள் மாறிக்கொண்டே இருந்திருக்கின்றன. 1953 அக்டோபர் 1-இல் தடா நெல்லூர் மாவட்டத்தோடு ஆந்திரத்துக்குப் போனது. 1960 ஏப்ரலில், எல்லைத் தகராறில் படாஸ்கர் தந்த தீர்ப்பின்படி திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்து, பக்கத்துச் சத்தியவேடு ஆந்திரத்துக்குப் போனது. 1985-இல் முதல்வர் என்.டி.ஆர். தாலுகாக்களை உடைத்து மண்டலங்களை உண்டாக்கினார். 2022 ஏப்ரல் 4 முதல் தடா திருப்பதி மாவட்டம். கடைசி மாற்றத்தால் கலெக்டர் அலுவலகத்தின் தூரத்தில் பெரிய லாபம் ஒன்றுமில்லை; ஆர்.டி.ஓ. அலுவலகம் அடுத்த ஊரான சூளூர்பேட்டைக்கு வந்ததே உருப்படியான பலன். இத்தனைக்குப் பிறகும் தடாவுக்குப் பக்கத்துப் பெருநகரம் சென்னைதான். வேறு மாநிலம் என்பது ரயிலுக்குத் தெரியாது.

அரசு மக்களிடம் நெருங்கி வந்ததா என்று கேட்டால், வந்தது என்றே சொல்வேன். 2019 அக்டோபர் 2-இல் தொடங்கிய கிராமச் செயலகங்கள், சான்றிதழுக்கும் பென்ஷனுக்கும் மண்டல அலுவலகத்துக்கு அலைவதைக் குறைத்தன. இதை மறுப்பவர் அதற்கு முந்தைய வரிசைகளில் நின்றிருக்க மாட்டார். ஆனால் அதே காலத்தில்தான், நிதிக்குழு பஞ்சாயத்துகளுக்குத் தந்த பணத்தை மின்கட்டண பாக்கிக்காக மாநில அரசு எடுத்துக்கொண்டது என்று ஆந்திரம் முழுவதும் சர்பஞ்சுகள் (பஞ்சாயத்துத் தலைவர்கள்) தெருவில் இறங்கினார்கள். செயலக ஊழியர் சர்பஞ்சுக்குக் கட்டுப்பட்டவரா என்ற சண்டையும் அப்போதுதான் எழுந்தது. சேவை பக்கத்தில் வந்தது. அதிகாரம் இருந்த இடத்திலேயே இருந்தது.

அரசியலமைப்பின் 11-ஆவது அட்டவணையில், பஞ்சாயத்துகளுக்குத் தரலாம் என்று சொல்லப்பட்ட 29 பொருள்களில் ஐந்தாவது மீன்வளம். காகிதத்தில் அப்படி. நடைமுறையில் ஏரியின் ஆந்திரப் பகுதி 1976 முதல் பறவைகள் சரணாலயம். அங்கே வனத்துறை வைத்ததே சட்டம். கடலிலிருந்து ஏரிக்கு நீர் வரும் முகத்துவாரங்கள் மணலேறித் தூர்கின்றன. தூர்வாருவதா என்பது மாநிலத் தலைநகரின் முடிவு. தொழிற்பூங்காக்களிலோ, உள்ளாட்சியின் வரி வசூல் அதிகாரத்தைத் தொழில் உள்கட்டமைப்புக் கழகத்திடமே ஒப்படைக்கும் ஏற்பாடு ஆந்திரத்தில் உண்டு. ஏரியும் கையில் இல்லை, ஆலையும் கையில் இல்லை என்றால் ஒரு கடலோரப் பஞ்சாயத்து எதை ஆள்கிறது? தெருவிளக்கையும் குப்பையையும்.

இதற்கு நேர்மாறு நார்வே. அங்கே ஃப்ரோயா தீவில் ஐயாயிரத்துச் சொச்சம் பேர்தான். ஆனால் கடலோர அடிக்கோட்டுக்கு வெளியே ஒரு கடல் மைல் வரை எந்த இடத்தில் மீன் வளர்க்கலாம், எங்கே கூடாது என்று திட்டம் போடுவது அந்நாட்டில் இத்தகைய உள்ளூர் நகராட்சிதான். சால்மன் பண்ணை உரிமங்களில் வரும் வருவாயில் நகராட்சிகளுக்குப் பங்கும் உண்டு. எண்ணெய் விற்ற பணக்கார நாட்டோடு ஒப்பிடலாமா என்பார்கள். நார்வே தன் ஊராட்சிகளுக்கு அதிகாரம் தந்தது 1837-இல். அப்போது அது பிழைப்புக்குக் கப்பலேறிய ஏழை நாடு. அதிகாரம் முதலில் வந்தது, பணம் பிறகு.

வலுவான மறுப்பு வேறொன்று. ஏரி இரண்டு மாநிலங்களுக்குப் பொது. சுமார் ஆறில் ஒரு பங்கு தமிழ்நாட்டுடையது. எல்லை தாண்டி வலை போட்டதாக இருபக்க மீனவர்களும் மோதிக்கொள்வது பழைய கதை. இதைக் கிராமத்திடம் விட்டால் பலசாலி வெல்வான். பழவேற்காட்டின் 'பாடு' முறையையே பாருங்கள்: இன்ன குப்பத்துக்கு இன்ன இடம், இன்ன நாள் என்று நேர்த்தியாகப் பங்கிட்டது அது, ஆனால் அந்தப் பங்கு ஒரு சாதிக்குள்ளேயே நின்றது, மற்றவர்கள் வெளியே நின்றார்கள். உள்ளூர் என்றாலே நியாயம் என்று நம்ப நான் தயாரில்லை.

ஆனாலும் இந்த மறுப்பு ஏரியை அதிகாரிகளிடமே விட்டுவிடுவதற்குக் காரணமாகாது. சிலிகா ஏரிக்கு ஒடிசா 1990-களின் தொடக்கத்தில் தனி ஆணையம் வைத்து, 2000-இல் புது முகத்துவாரம் வெட்டி, மீனை மீட்டது. பழவேற்காட்டுக்கு இரு மாநிலமும் சேர்ந்த அப்படியொரு அமைப்பு இல்லை. அது வந்தால், இரக்கம் போன்ற பஞ்சாயத்துகளுக்கும், பாடு கிடைக்காத வலைக்காரர்களுக்கும் அதில் ஓட்டு இருக்க வேண்டும்.

என் தீர்ப்பு இது: எழுபது ஆண்டு எல்லை மாற்றங்களில் தடா அடைந்தது வசதி, ஆட்சி அல்ல. சூளூர்பேட்டையில் நடக்கும் பூநாரைத் திருவிழா 2025 ஜனவரியில் பீமுனிவாரிபாளையம் வரை வந்து படகு விட்டது. பறவைக்கு மூன்று நாள் விழா எடுக்கும் அரசு, அந்த ஏரியைப் பற்றி முடிவெடுக்கும் கூட்டத்தில் மீனவருக்கு ஒரு நாற்காலியாவது போடட்டும்.