சிலையின் கண்ணும் சட்டத்தின் கண்ணும்

எலும்பு பேசுமோ என ஐயுறுவார் உளர். 1985-இல் அர்ஜென்டினாவின் இராணுவ ஆட்சித் தலைவர்கள் மீது விசாரணை நடந்தபோது, எலும்பாராய்ச்சி அறிஞர் கிளைட் ஸ்னோ, காணாமற் போனோர் சுட்டுக் கொல்லப்பட்டதைப் புதைகுழி எலும்புகளைக் கொண்டே நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டினார்.

மைக்கேல் ஒண்டாச்சி 2000-இல் வெளியிட்ட 'அனில்ஸ் கோஸ்ட்' என்னும் ஆங்கில நாவலின் தலைவி அனிலும் இத்துறையினளே. இலங்கைக் குகையொன்றிற் கிடைத்த பழைய எலும்புகளினிடையே, அண்மையிற் கொல்லப்பட்டவனுடைய எலும்புக்கூட்டைக் கண்டு, அவன் பெயரையும் தேடிக் காண்கிறாள். இப்பகுதியை உளமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால், கொன்றவர் கூண்டேறாமலே கதை ஒதுங்கிவிடுகிறது. முடிவில் நாம் காண்பது புத்தர் சிலைக்குக் கண் திறக்கும் சடங்கு. நாட்டில் நடந்ததும் அதுவே என்பர் சிலர். மெய்தான். அங்ஙனமாயின் வாசகர் நெஞ்சில் எழவேண்டியது சினமேயன்றி அமைதியன்று. மகனை இழந்த தாய்க்குச் சிலை கண் திறந்தென்ன பயன், அன்பர்களே? சட்டமன்றோ கண் திறக்க வேண்டும்!