மெல்லும் பதம்

பபுள் டீயை முதன்முதலாகக் குடிப்பவர்கள் அடியில் கிடக்கும் போபா என்னும் கறுப்பு உருண்டைகளைப் பற்றிப் பெரும்பாலும் சொல்லும் குறை, அவற்றில் ருசியே இல்லை என்பதுதான். அது உண்மை. மரவள்ளி மாவுக்கென்று சொல்லிக்கொள்ளும்படி மணமோ சுவையோ கிடையாது. ஆனால் இந்த உருண்டை நாக்குக்காகச் செய்ததல்ல, பல்லுக்காகச் செய்தது. பல்லில் கொஞ்சம் எதிர்த்து நின்று பிறகு இணங்கிக் கொடுக்கும் பண்டங்களுக்குத் தைவான்காரர்களிடம் தனி மரியாதை உண்டு. அவர்களுடைய மீன் உருண்டையும் மோச்சியும் அந்த வகைதான். 1980-களில் இந்தப் பானம் அங்கே பிறப்பதற்கு முன்பே மரவள்ளி உருண்டைகளை ஐஸ் போட்ட இனிப்புகளில் கலந்து சாப்பிட்டு வந்தார்கள். டீயில் அதை முதலில் போட்டது யார் என்று தைச்சுங் நகரின் சுன் ஷுய் தாங் கடையும் தைனான் நகரின் ஹான்லின் கடையும் பல ஆண்டுகள் வழக்காடின. காப்புரிமை இல்லாத பானம், யாரும் போடலாம், முதலில் போட்டவரைத் தேட வேண்டியதில்லை என்று 2019-இல் நீதிமன்றம் முடித்துவைத்தது. ரசிகருக்கும் அந்தக் கேள்வி முக்கியமில்லை. உருண்டை எந்தப் பதத்தில் கோப்பைக்கு வந்தது என்பதுதான் முக்கியம்.

பதம் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் மாவின் இயல்பு. மரவள்ளி மாவின் துகள்கள் ஏறக்குறைய 65 முதல் 70 டிகிரி சூட்டில் தண்ணீரைக் குடித்து வீங்கிக் கண்ணாடிபோல் தெளிகின்றன. சிக்கல் என்னவென்றால், வெளிப்புறம் முதலில் வெந்து பிசினாகி, உள்ளே தண்ணீர் போகும் வழியை அடைத்துவிடுகிறது. அதனால்தான் உருண்டை வேக நீண்ட நேரம் ஆகிறது. ஒரு கப் உருண்டைக்கு எட்டு கப் தண்ணீராவது வைத்து, அது தளதளவென்று கொதித்த பிறகே போட வேண்டும். ஜவ்வரிசிப் பழக்கத்தில் முன்கூட்டி ஊறவைத்தால் உருண்டைகள் கரைந்து கூழாகிவிடும். சேலத்து ஜவ்வரிசி ஊறலைத் தாங்குவது, செய்யும்போதே சூட்டில் வாட்டப்பட்டு அதன் மேற்புறம் பாதி வெந்திருப்பதால்; போபா பெரும்பாலும் பச்சை மாவு. உருண்டைகள் மிதந்ததும் தீயைத் தணித்து அரை மணி வேகவிட்டு, அடுப்பை அணைத்து, மூடி இன்னொரு அரை மணி விடுங்கள். பிறகு ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுவில் வெள்ளைப் பொட்டு தெரிந்தால் இன்னும் வேகவில்லை. ஐந்து நிமிடத்தில் வேகும் பாக்கெட்டுகளும் கிடைக்கின்றன. அவசரத்துக்கு ஆகும், ஆனால் மேல்தோலுக்கும் நடுவுக்கும் உள்ள வித்தியாசம் அவற்றில் அவ்வளவாகத் தெரிவதில்லை.

ஒரே கிழங்கின் மாவுதானே, ஜவ்வரிசியையே டீயில் போட்டால் என்ன என்று கேட்கலாம். ஜவ்வரிசியின் பெருமை பாயசத்தில் வழுக்கிக்கொண்டு போய்ப் பாலைக் கெட்டியாக்குவதில் இருக்கிறது. அந்தச் சின்ன மணியில் மெல்ல இடமில்லை. போபா வெந்தபின் ஒரு சென்டிமீட்டர் வரை வரும்.

வடித்ததைக் குளிர்ந்த தண்ணீரில் ஒருமுறை அலசி, மேலே ஒட்டியிருக்கும் கஞ்சியை நீக்கி, கருஞ்சர்க்கரைப் பாகில் போடுங்கள். கருப்பட்டிப் பாகும் நன்றாகவே சேரும். பாகு இனிப்புக்கு மட்டுமல்ல. சர்க்கரை ஈரத்தைப் பிடித்துவைத்து உருண்டை இறுகுவதைத் தள்ளிப்போடுகிறது. தள்ளிப்போடுமே தவிர, நிறுத்தாது. வெந்த மாவு ஆற ஆற மறுபடி கெட்டிப்படும், குளிர்சாதனப் பெட்டியில் இன்னும் வேகமாக. மறுநாள் எடுத்தால் நடுவே சுண்ணாம்புக் கட்டிபோல் கடிபடும். சூடாக்கினால் சரியாகாதா என்றால், மென்மை ஓரளவு திரும்பும், துள்ளல் திரும்பாது. வெந்து நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டிய பண்டம் இது. ரப்பராக இருக்கிறது என்று இதை ஒதுக்கியவர்களில் பெரும்பாலோர் பழைய உருண்டையைத்தான் மென்றிருப்பார்கள். கடையில் எப்போது வேகவைத்தது என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல கடைக்காரர் சின்னச் சின்ன அளவில் அடிக்கடி வேகவைப்பார்.

குடிக்கும்போது முதலில் டீயை மட்டும் ஒரு வாய் உறிஞ்சிப் பாருங்கள். துவர்ப்பு தெரிய வேண்டும். அசாம் அல்லது சிலோன் தேயிலையைக் கடுமையாக இறக்கியிருந்தால்தான் பாகின் இனிப்பை அது வெட்டும். அடுத்து அகன்ற ஸ்ட்ராவில் மூன்று நான்கு உருண்டைகளை மட்டும் இழுத்து, நிதானமாக மெல்லுங்கள். முதலில் பாகு வழுக்கும், பிறகு தோல் பல்லைத் தடுக்கும், அது விட்டுக்கொடுத்ததும் நடுவின் நெகிழ்ச்சி வரும், கடைசியில் டீ வந்து வாயைக் கழுவும். இந்த நான்கும் தனித்தனியே தெரிந்தால் சமைத்தவர் கைதேர்ந்தவர்.

சர்க்கரையும் மாவும் மட்டும்தானே, உடம்புக்கு என்ன ஆகும் என்ற கேள்வியை நான் தள்ளிவிட மாட்டேன். அது தினமும் குடிக்கும் பானமல்ல. உருண்டைகளோடு வரும் பாகே போதும், டீயில் தனியாகச் சர்க்கரை வேண்டாம் என்று சொல்லி, சின்னக் கோப்பையாக வாங்குங்கள். சுவையும் அப்போதுதான் துலங்கும். மெல்லாமல் விழுங்குவது ரசனைக் குறை மட்டுமல்ல, தொண்டையில் அடைக்கும் ஆபத்தும் இருக்கிறது. சின்னக் குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது. ஐஸையும் குறைத்துப் போடச் சொல்லுங்கள். கோப்பை நிறைய ஐஸ் இருந்தால், அரை மணி வேகவைத்து வந்த பதம் நீங்கள் பாதி குடிப்பதற்குள் இறுகிப் போகும்.